டெக்ஸாஸ்: நிலமும் மக்களும் ஆட்சியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அலாஸ்காவுக்கு அடுத்தபடியாகப் பரப்பளவில் பெரிய மாநிலம் டெக்ஸாஸ். இதன் விஸ்தீரணம் 2,68,596 சதுர மைல். தமிழ்நாட்டைப் போன்ற ஐந்து மாநிலங்களை இதற்குள் வைத்தாலும் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும். ஜனத்தொகையோ, 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2 கோடியே 91 லட்சம். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டிலேயே 7 கோடியே 21 லட்சம் பேர் இருந்தார்கள். கிழக்கு எல்லையில் உள்ள ஆரஞ்சு என்ற ஊரில் பத்தாம் எண் நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே நியூ மெக்ஸிகோ எல்லை வரை போனால் சுமார் 880 மைல். நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வந்து, திரும்பவும் நாகர்கோவிலுக்கே போய்ச் சேருகிற தூரம் அது. மேற்குக் கோடியில் உள்ள எல் பாஸோ நகரம் ஹூஸ்டனைவிட கலிபோர்னியாவின் ஸான் டியாகோவுக்கு அருகில் இருக்கிறது. அங்கே கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடுகிறது.

இவ்வளவு பெரிய மாநிலத்தை ஆளுகிறவர் யார் என்று கேட்டால், ஆஸ்டினில் இருக்கும் கவர்னர் என்று பதில் சொல்லத் தோன்றும். அது பாதிதான் சரி. இருபது முப்பது வருஷமாக இங்கே வீடு வாங்கிக் குடியிருக்கும் நம்மவர்களில் பலருக்கு வாஷிங்டன் அரசியல் தெரியும். சென்னை அரசியலோ விரல் நுனியில் இருக்கும். ஆனால் தம் வீட்டுக்கு வரி விதிப்பவர் யார், குழந்தை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எல்லை வகுப்பவர் யார், கோயிலுக்கு வரும் சாலையைச் செப்பனிட வேண்டியவர் யார் என்று கேட்டால் தயக்கம்தான் பதிலாக வரும். இதற்கு முழுக்க அவர்களைக் குறை சொல்ல முடியாது. டெக்ஸாஸின் ஆட்சி முறையே அதிகாரத்தைத் துண்டு துண்டாக்கிப் பல கைகளில் வைத்திருக்கிறது. ஏன் அப்படி என்பதற்கு நிலத்திலிருந்தும் சரித்திரத்திலிருந்தும் தொடங்க வேண்டும்.

நிலமும் நீரும்

டெக்ஸாஸ் என்றால் பாலைவனமும் கள்ளிச் செடியும் என்று சினிமா பார்த்தவர்கள் நினைப்பதுண்டு. அது மேற்குப் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். கிழக்கே லூயிஸியானாவை ஒட்டிய பகுதி பைன் மரக்காடு. அங்கே ஆண்டுக்கு 55 அங்குலத்துக்கு மேலும் மழை பெய்கிறது. எல் பாஸோவில் பத்து அங்குலம்கூடப் பெய்வதில்லை. கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக மழை படிப்படியாகக் குறைகிறது. அதோடு ஊர்களும் குறைகின்றன. ஹூஸ்டனில் மழை ஏறக்குறைய சென்னை அளவுதான். புழுக்கமும் அப்படியே. ஆகவேதான் சென்னையிலிருந்து வரும் பெரியவர்கள் ஜூலை மாதத்தில் இங்கே வந்து இறங்கியவுடன், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்கிறார்கள்.

டாலஸிலிருந்து ஆஸ்டின் வழியாகத் தெற்கே ஸான் அன்டோனியோவை நோக்கி இறங்கும் பட்டை, கோவில்பட்டிக்காரர்களுக்குப் பார்த்ததும் விளங்கும். அது கரிசல் மண். பருத்தி விளைந்த பூமி. மழையில் உப்பி, வெயிலில் பிளக்கும் குணம் இந்த மண்ணுக்கும் உண்டு. வீட்டு அஸ்திவாரம் விரிசல் விடாமலிருக்கக் கோடையில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் விடும் வழக்கம் டாலஸ் பக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். செடிக்குத் தண்ணீர் விடுவது தெரியும், வீட்டுக்குமா என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள். சுவரில் முதல் விரிசல் கண்டதும் அவர்களும் குழாயைத் திறப்பார்கள்.

மாநிலத்தின் உயர்ந்த சிகரம் மேற்கே உள்ள குவாடலூப். உயரம் 8,751 அடி. நம் தொட்டபெட்டாவைவிட நூறு அடிதான் அதிகம். தெற்கில் மெக்ஸிகோவுடன் 1,254 மைல் நீளத்துக்கு ரியோ கிராண்டே ஆறே எல்லை. ஏரிகள் பல இருந்தாலும் அநேகமாக எல்லாமே அணை கட்டி உண்டாக்கியவை. இயற்கையாக அமைந்த பெரிய ஏரி என்று லூயிஸியானா எல்லையில் உள்ள கேடோ ஏரி ஒன்றைத்தான் சொல்வார்கள்.

நிலத்தடி நீர் விஷயத்தில் டெக்ஸாஸின் சட்டம் விசித்திரமானது. தன் நிலத்தில் கிணறு தோண்டியவன், பக்கத்து வீட்டுக் கிணறு வற்றினாலும் கவலைப்படாமல் தண்ணீரை இறைத்துக் கொள்ளலாம் என்று மாநில சுப்ரீம் கோர்ட் 1904ல் தீர்ப்பளித்தது. ஒரு ரயில் கம்பெனி ஆழக் கிணறு வெட்டியதால் அண்டை வீட்டுக்காரரின் கிணறு வறண்டு போன வழக்கு அது. இந்த விதி அடிப்படையில் இன்றும் மாறவில்லை. பின்னாளில் சில பகுதிகளில் கட்டுப்பாட்டுக்கென்று தனித் தனி அமைப்புகளை ஏற்படுத்தினார்கள். ஹூஸ்டன் சுற்று வட்டாரத்தில் நீரை இறைத்து இறைத்துத் தரையே கீழிறங்கத் தொடங்கியதால், 1975ல் ஹாரிஸ், கால்வெஸ்டன் கவுண்டிகளுக்கு நிலம் தாழ்வதைத் தடுப்பதற்கென்றே ஒரு தனி அமைப்பு பிறந்தது. ஒரு தொல்லை வந்தால் அதற்கென்று ஓர் அமைப்பை உண்டாக்குவது டெக்ஸாஸின் பழக்கம்.

கடற்கரையின் கதையைச் சொல்ல வேண்டுமானால் கால்வெஸ்டனைத்தான் சொல்ல வேண்டும். 1900ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி அடித்த புயலில் அந்தத் தீவு நகரில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்கச் சரித்திரத்தில் இயற்கையின் சீற்றத்தால் ஏற்பட்ட உயிர்ச்சேதங்களில் அதுவே மிகப் பெரியது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டு போனதை மறக்காதவர்கள் நம்மில் இருக்கிறார்கள். தனுஷ்கோடி மறுபடி எழவில்லை. கால்வெஸ்டன்காரர்கள் கடலோரம் 17 அடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, வீடுகளையும் மாதா கோயில்களையும் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மணலை நிரப்பி நகரத்தையே உயர்த்திக் கொண்டார்கள். ஆனாலும் வியாபாரம் கையைவிட்டுப் போயிற்று. 1901 ஜனவரி 10ஆம் தேதி போமாண்டுக்கு அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டது. 1914ல் கப்பல்கள் ஹூஸ்டன் வரை உள்ளே வரக் கால்வாய் திறக்கப்பட்டது. ஹூஸ்டன் பெருநகரமானது அதற்குப் பிறகுதான். புயல்கள் மட்டும் மாறவில்லை. 2017 ஆகஸ்டில் வந்த ஹார்வி புயல் சில இடங்களில் 60 அங்குலத்துக்கு மேல் மழையைக் கொட்டிவிட்டுப் போனது.

மக்கள்

டெக்ஸாஸ் என்ற பெயரே காடோ இந்தியர்களின் மொழியில் நண்பர்கள் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மாநிலத்தின் முத்திரை வாசகமும் நட்பு என்பதே. அந்தப் பெயரைக் கொடுத்த ஆதி மக்களோ இங்கிருந்து விரட்டப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

பிறகு ஸ்பெயின் நாட்டுப் பாதிரிகள் வந்தார்கள். 1718ல் ஸான் அன்டோனியோவில் அவர்கள் தொடங்கிய மிஷன்களையும், வாய்க்கால் வெட்டி வயலுக்கு நீர் பாய்ச்சிய முறையையும் இன்றும் பார்க்கலாம். 2015ல் அவை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மெக்ஸிகோ ஆட்சிக்குட்பட்ட காலத்தில் ஸ்டீபன் ஆஸ்டின் போன்றவர்களின் ஏற்பாட்டில் அமெரிக்கக் குடியானவர்கள் வந்து குடியேறினர். அடிமைகளையும் கூடவே கொண்டு வந்தனர். 1840களில் ஜெர்மானியர்கள் வந்து நியூ பிரான்ஃபெல்ஸ், ஃப்ரெடரிக்ஸ்பர்க் ஆகிய ஊர்களை அமைத்தார்கள். செக் மக்கள் கொண்டு வந்த கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி இப்போது நெடுஞ்சாலைக் கடைகளில் எல்லாம் கிடைக்கிறது. 1975க்குப் பிறகு வியட்நாமியர்கள் வந்து வளைகுடாக் கரையில் இறால் படகு ஓட்டினார்கள். தொடக்கத்தில் உள்ளூர்க்காரர்கள் அவர்களைக் கடுமையாக எதிர்த்ததும் உண்டு. 2020 கணக்கெடுப்பில் ஸ்பானிய வழி வந்தவர்களும் வெள்ளையர்களும் ஏறத்தாழச் சரிசமமாக, நூற்றுக்கு நாற்பது பேர் என்ற அளவில் இருந்தனர். ஆகவே இந்த மாநிலத்தில் பெரும்பான்மையினர் என்று எவரும் இல்லை.

கறுப்பின மக்களின் வரலாறு தனியாகச் சொல்லத் தக்கது. அடிமைகள் விடுதலை பெற்ற செய்தி டெக்ஸாஸுக்கு எட்டியது 1865 ஜூன் 19ஆம் தேதி, கால்வெஸ்டனில். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்து இரண்டரை வருஷம் கழித்து! ஜூன்டீன்த் என்று கொண்டாடப்படும் அந்த நாளை மாநிலம் 1980ல் விடுமுறையாக்கியது. நாடு முழுவதற்கும் அது விடுமுறையானது 2021ல்தான். விடுதலைக்குப் பின்னும் துன்பம் ஓயவில்லை. நம்மவர்கள் பலர் வசிக்கும் ஷுகர் லேண்டுக்கு அந்தப் பெயர் வந்தது கரும்பாலையால். அங்கே கரும்புத் தோட்டங்களில் கைதிகளை வாடகைக்கு எடுத்து வேலை வாங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். 2018ல் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது அப்படி இறந்து போனவர்களின் 95 சவக்குழிகள் வெளிப்பட்டன.

நம்மவர்கள் இங்கே வந்தது பெரும்பாலும் 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு. எண்ணெய்க் கம்பெனிகளுக்கு என்ஜினீயர்களாகவும், ஹூஸ்டன் மருத்துவ மையத்துக்கு டாக்டர்களாகவும், நாஸாவின் விண்வெளி மையத்துக்கு விஞ்ஞானிகளாகவும், டாலஸில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸுக்கும் வந்தார்கள். அந்தக் கம்பெனி 1985லேயே பெங்களூரில் கிளை திறந்ததை இங்கே நினைவு கூரலாம். ஆஸ்டின் சர்வகலாசாலையில் எழுத்தாளர் ராஜா ராவ் 1966 முதல் தத்துவம் போதித்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த பௌதிக மேதை ஈ.சி.ஜி. சுதர்ஷன் 1969ல் அதே சர்வகலாசாலைக்கு வந்து, 2018ல் காலமாகும் வரை ஆஸ்டினையே ஊராகக் கொண்டிருந்தார். கல்பனா சாவ்லா 1984ல் எம்.எஸ். பட்டம் பெற்றது ஆர்லிங்டனில்; 2003 பிப்ரவரி 1ஆம் தேதி அவர் வந்த கொலம்பியா விண்கலம் சிதறியதும் டெக்ஸாஸ் வானத்தில்தான்.

ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லேண்டில் மீனாட்சி கோயிலுக்கான சங்கம் 1977ல் உருவாயிற்று. முதலில் பிள்ளையாருக்குச் சன்னிதி எழும்பி, 1982ல் பெரிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. 1980ல் பியர்லேண்டின் ஜனத்தொகை 13,000 சொச்சம். 2020ல் அது 1,25,828. கோயிலைச் சுற்றி ஒரு நகரமே வந்துவிட்டது. அந்த நகரத்தின் சாலை, வடிகால், பள்ளி, வரி எல்லாவற்றையும் தீர்மானித்தவர்கள் யார் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

கவர்னரைக் கண்டு பயந்த சட்டம்

டெக்ஸாஸ் மற்ற மாநிலங்களைப் போல் ஒன்றியத்துக்குள் வந்தது அல்ல. 1836 மார்ச் 2ஆம் தேதி மெக்ஸிகோவிடமிருந்து சுதந்திரம் அறிவித்து, அலமோவில் தோற்று, ஏப்ரல் 21ஆம் தேதி ஸான் ஹஸின்டோவில் ஸாம் ஹூஸ்டன் தலைமையில் வென்று, 1845 கடைசி வரை தனிக் குடியரசாக இருந்தது. அதற்கென்று ஜனாதிபதி உண்டு. வெளிநாட்டு ஸ்தானிகர்கள் உண்டு. தலைக்கு மேல் கடனும் உண்டு. ஒன்றியத்தில் சேரும்போது கடனைத் தன் தலையிலேயே வைத்துக் கொண்டு, அதற்குப் பதிலாகப் பொது நிலத்தையும் தன்னிடமே வைத்துக் கொண்டது. பிற மேற்கு மாநிலங்களில் நிலத்தில் பெரும்பகுதி வாஷிங்டனுக்குச் சொந்தமாக இருக்க, டெக்ஸாஸில் மிகச் சொற்பமே அப்படி இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கையில் காசில்லை, நிலம் ஏராளம். ஆகவே எல்லாவற்றுக்கும் நிலத்தையே கொடுத்தார்கள். ரயில் பாதை போட்டவர்களுக்கு நிலம். 1888ல் கட்டி முடித்த ஆஸ்டின் சட்டசபைக் கட்டடத்துக்குக் கூலியாக வடக்கே முப்பது லட்சம் ஏக்கர். நம் ராஜாக்கள் கோயிலுக்கு மானியம் விட்டதைப் போல் சர்வகலாசாலைக்கும் மேற்கே இருபது லட்சம் ஏக்கர் எழுதி வைத்தார்கள். அது ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். 1923 மே 28ஆம் தேதி அங்கே ஸான்டா ரீட்டா என்ற கிணற்றில் எண்ணெய் வந்தது. அசாத்தியமான காரியங்களுக்கு வேண்டிக் கொள்ளப்படும் கத்தோலிக்கப் புனிதவதியின் பெயர் அது! நம் பிள்ளைகள் படிக்கும் ஆஸ்டின் சர்வகலாசாலையும் ஏ அண்டு எம் சர்வகலாசாலையும் இன்றளவும் அந்த மானியத்தின் பலனை அனுபவிக்கின்றன.

இப்போது அமலில் உள்ள அரசியல் சட்டம் 1876ஆம் ஆண்டினது. உள்நாட்டுப் போருக்குப் பின் எட்மண்ட் டேவிஸ் என்ற கவர்னர் மிகுந்த அதிகாரத்தோடு ஆண்டார். உத்தியோகங்களுக்குத் தாமே ஆள் நியமித்தார். மாநிலப் போலீஸ் ஒன்றை ஏற்படுத்தினார். 1873ல் தேர்தலில் தோற்றும் உடனே நாற்காலியை விட்டு இறங்கவில்லை. சட்டசபைக் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் அவர் ஆட்கள் அரண் அமைத்துக் கொள்ள, மாடியில் புதிய கவர்னர் பதவியேற்றார். இனி எந்தக் கவர்னரும் இப்படி ஆட முடியாதபடி செய்வோம் என்று கங்கணம் கட்டிக் கொண்டு எழுதியதே அந்தச் சட்டம். டேவிஸ் மீது இருந்த கோபத்தில், அவர் ஆட்சியில் கறுப்பர்களுக்கு உரிமை கிடைத்ததன் மீதான கோபமும் பாதி கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

விளைவு என்ன? லெப்டினென்ட் கவர்னர், அட்டர்னி ஜெனரல், கணக்குகளைக் கவனிக்கும் கம்ட்ரோலர், நில கமிஷனர், விவசாய கமிஷனர் ஆகியோரைக் கவர்னர் நியமிப்பதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே மக்களிடம் ஓட்டு வாங்கி வருகிறார்கள். மந்திரிசபை என்று நாம் அறிந்த எதுவும் இங்கே கிடையாது. ஸெனட் சபைக்குத் தலைமை வகிப்பவர் லெப்டினென்ட் கவர்னர். எந்த மசோதா எழும், எது படுக்கும் என்பது பெரிதும் அவர் கையில். ரயில்வே கமிஷன் என்று ஒன்று உண்டு. 1891ல் ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்தப் பிறந்தது, இன்று ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எண்ணெய்க் கிணறுகளையும் எரிவாயுவையும் அதன் மூன்று அங்கத்தினர்கள் மேற்பார்க்கிறார்கள். நீதிபதிகளும் கட்சிப் பெயரில் தேர்தலில் நிற்பவர்களே. உச்ச நீதிமன்றமும் இரண்டு: ஸிவில் வழக்குக்கு ஒன்று, கிரிமினல் வழக்குக்கு ஒன்று.

சட்டசபையில் 150 பிரதிநிதிகள், 31 ஸெனட்டர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் கூடி, 140 நாளில் கலைய வேண்டும். இடையில் கூட்ட வேண்டுமானால் கவர்னர்தான் அழைக்கலாம். அங்கத்தினருக்குச் சம்பளம் மாதம் 600 டாலர். கூட்ட நாட்களுக்குப் படி தனி. ஆகவே வக்கீல் தொழிலோ வியாபாரமோ உள்ளவர்களே பெரும்பாலும் இதற்கு வர முடிகிறது. இரண்டு வருஷத்தில் 140 நாள் கூடுவதற்குப் பதில் 140 வருஷத்தில் இரண்டு நாள் கூடினால் போதும் என்று ஹாஸ்யமாகச் சொல்வதுண்டு. சட்டம் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் விவரமாக எழுதி வைத்ததால், சின்ன மாற்றத்துக்கும் மக்களின் ஓட்டு தேவைப்படுகிறது. இதுவரை 500க்கு மேற்பட்ட திருத்தங்கள் நிறைவேறிவிட்டன. 2025 நவம்பரில் மட்டும் 17.

இந்த ஏற்பாட்டில் நன்மை இல்லாமல் இல்லை. ஒரே மனிதர் எல்லாவற்றையும் கெடுத்துவிட முடியாது. ஆனால் ஒரு தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். 2021 பிப்ரவரியில் கடுங்குளிரில் மின்சாரம் நின்று, குழாய்கள் வெடித்து, மாநிலக் கணக்கின்படி 246 பேர் இறந்தபோது இது வெளிப்பட்டது. வாஷிங்டனின் கட்டுப்பாடு வேண்டாம் என்று டெக்ஸாஸ் தன் மின் இணைப்பைத் தனியாகவே வைத்திருக்கிறது. அண்டை மாநிலங்களிலிருந்து கடன் வாங்குவதும் அதனால் அரிது. அந்த இணைப்பில் சேராத எல் பாஸோ பெரும்பாலும் தப்பித்தது.

வீட்டு வாசலில் உள்ள அரசாங்கம்

அப்படியானால் அதிகாரம் எங்கே போயிற்று? கீழே இறங்கிற்று. டெக்ஸாஸில் 254 கவுண்டிகள், அதாவது ஜில்லாக்கள். தமிழ்நாட்டுக்கு 38. குதிரையில் கிளம்பிய குடியானவன் ஒரே நாளில் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும் தூரத்தில் கவுண்டி இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் கணக்குப் போட்டதாகச் சொல்வார்கள். அவற்றில் ஹாரிஸ் கவுண்டியில் 2020ல் 47 லட்சம் பேர்; லவிங் கவுண்டியில் 64 பேர். இரண்டுக்கும் ஒரே அமைப்புதான்.

நம் ஊரில் ஜில்லாவுக்குக் கலெக்டர் மேலிருந்து வருகிறார். இங்கே கலெக்டருக்குச் சமானமானவர் எவரும் இல்லை. கவுண்டி ஜட்ஜ் என்பவரும் நான்கு கமிஷனர்களும் சேர்ந்த கமிஷனர்ஸ் கோர்ட் நிர்வாகத்தை நடத்துகிறது. பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். அது நீதிமன்றம் அல்ல, ஜட்ஜும் சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. வரவு செலவு, சாலை, ஆஸ்பத்திரி, புயல் வந்தால் ஊரைக் காலி செய்யச் சொல்வது எல்லாம் அவர்கள் பாடு. ஷெரிப், வரி வசூல் அதிகாரி, பத்திரம் பதிவு செய்யும் கிளார்க் ஆகியோரும் தேர்தலில் வருகிறவர்களே. கேரளத்தில் பிறந்த கே.பி. ஜார்ஜ் 2018ல் ஃபோர்ட் பெண்ட் கவுண்டி ஜட்ஜாகவும், ராபின் இலக்காட் 2020ல் மிசோரி ஸிட்டி மேயராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டதை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை.

கவுண்டிக்கும் நகரத்துக்கும் புறம்பாகப் பள்ளி மாவட்டங்கள் தனி; ஆயிரத்துக்கும் மேல் உண்டு. அவற்றின் எல்லை நகர எல்லையோடு பொருந்துவதில்லை. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக் குழந்தைகள் வெவ்வேறு மாவட்டப் பள்ளிக்குப் போவதைப் பார்க்கலாம். புதுக் குடியிருப்புகளில் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் மட் என்ற சுருக்கப் பெயரில் இன்னொரு மாவட்டம். அது கடன் பத்திரம் வெளியிட்டுக் குழாய் போட்டு, அந்தக் கடனை வீட்டு வரியாக வசூலிக்கிறது. வீடு வாங்கும் அவசரத்தில் இந்தக் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதல் வரிச் சீட்டு வந்ததும் திடுக்கிடுபவர்கள் உண்டு.

டெக்ஸாஸில் மாநில வருமான வரி இல்லை. 2019ல் அதை அரசியல் சட்டத்திலேயே தடை செய்துவிட்டார்கள். கலிபோர்னியாவிலிருந்தும் நியூ ஜெர்ஸியிலிருந்தும் இங்கே குடிபெயருகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அரசாங்கம் காற்றைக் குடித்து நடக்குமா? கடையில் வாங்கும் பொருளுக்கு 8.25 சதவீதம் வரை விற்பனை வரி. அதற்கு மேல் வீட்டு வரி. வீட்டு வரியில் பெரும்பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. வீட்டு மதிப்பு குறைந்த பகுதிப் பள்ளிக்கு வருமானமும் குறைவு என்பதால், ஸான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் பகுதியைச் சேர்ந்த ஏழைப் பெற்றோர் தொடுத்த வழக்கு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போய் 1973ல் 5க்கு 4 என்ற கணக்கில் தோற்றது. விடாமல் மாநில கோர்ட்டில் மறுபடி தொடுத்து 1989ல் ஜெயித்தார்கள். பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்து மற்றவற்றுக்குக் கொடுக்கும் ஏற்பாடு 1993ல் வந்தது. வசதியான பகுதிகளில் வசிக்கும் நம்மவர்கள் இதைப் பற்றிக் குறைப்படுவதுண்டு. எட்ஜ்வுட் பெற்றோரின் இருபது வருஷப் போராட்டத்தை அறிந்த பின் குறைப்பட்டால் நல்லது.

இவ்வளவும் ஓட்டில் அடங்கியிருக்கிறது. அந்த ஓட்டு எல்லோருக்கும் சுலபமாகக் கிடைத்ததல்ல. டெக்ஸாஸில் 1902 முதல் 1966 வரை ஓட்டுப் போடத் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சியின் பிரைமரி தேர்தலில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்ற விதியை எதிர்த்து ஹூஸ்டன் பல் டாக்டர் லானி ஸ்மித் வழக்காடி 1944ல் வென்றார். ஹூஸ்டனைச் சேர்ந்த பார்பரா ஜோர்டான் 1966ல் மாநில ஸெனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, 1883க்குப் பிறகு அந்தச் சபைக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர் அவர். இந்தியர்களுக்கோ 1946 வரை அமெரிக்கப் பிரஜையாகவே வழியில்லை.

ஜனாதிபதித் தேர்தலன்று வரிசையில் நிற்கும் நம்மவர்கள், பள்ளி போர்டு தேர்தலுக்குப் பெரும்பாலும் போவதில்லை. அது மே மாதம் முதல் சனிக்கிழமை வரும். அல்லது நவம்பரில் நீண்ட சீட்டின் அடியில் ஒளிந்திருக்கும். சில நூறு ஓட்டுகளிலேயே முடிவாகிவிடுவதும் உண்டு. அந்த போர்டுதான் புதுப் பள்ளியின் எல்லையை வகுக்கிறது. தீபாவளிக்கு விடுமுறை உண்டா என்பதையும் தீர்மானிக்கிறது. வகுப்பில் முன்னணி மாணவர்களுக்கு மாநில சர்வகலாசாலைகளில் தானாகவே இடம் உண்டு என்ற 1997ஆம் ஆண்டுச் சட்டம் சட்டசபை செய்தது. ஆஸ்டினில் அந்த அளவு 2026 முதல் நூற்றுக்கு ஐந்து பேர் என்று குறைந்துவிட்டது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றோர் தலையைப் பிய்த்துக் கொள்வதற்கு இதுவும் காரணம்.

ஓட்டர் பதிவு தேர்தலுக்கு 30 நாள் முன்பாகக் கவுண்டி அலுவலகத்தில் முடிந்திருக்க வேண்டும். வீடு மாறினால் விலாசத்தை மாற்ற வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். கட்சியில் பதிந்து கொள்ள வேண்டிய அவசியமில்லை. இரட்டைப்படை ஆண்டின் மார்ச் மாதப் பிரைமரியில் விரும்பிய ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கலாம். பல கவுண்டிகளில் உண்மையான போட்டி அந்தப் பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. கோயில் சங்கங்கள் வரிவிலக்குப் பெற்ற தர்ம ஸ்தாபனங்களாதலால் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு சொல்லக் கூடாது. பதிவு செய்து கொள்ளுங்கள் என்று பொதுவாகச் சொல்வதற்குத் தடையில்லை.

வீட்டு வரியில் குடியிருப்பவருக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு மனுப் போட்டால்தான் கிடைக்கும். பள்ளி வரிக்கான விலக்கு 2023ல் ஒரு லட்சம் டாலராகவும், 2025ல் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. வீட்டுச் சொந்தக்காரருக்கு 65 வயது ஆகிவிட்டால் கூடுதல் விலக்கும், பள்ளி வரிக்கு உச்சவரம்பும் உண்டு. வசந்த காலத்தில் வரும் மதிப்பீட்டுச் சீட்டில் தொகை அதிகமென்று தோன்றினால் மே 15ஆம் தேதிக்குள், அல்லது சீட்டு அனுப்பிய நாளிலிருந்து 30 நாளுக்குள், இதில் எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கோயில் நிலத்துக்கும் வரிவிலக்கு தானாக வருவதில்லை. அப்ரெய்ஸல் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கினால் அதற்கும் தனி மனு.

பச்சை அட்டையிலும் வேலை விசாவிலும் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை, வரி உண்டு. ஆனால் கமிஷனர்ஸ் கோர்ட்டும் பள்ளி போர்டும் கூடும் நாளில் பொதுமக்கள் பேசுவதற்கென்று நேரம் ஒதுக்குகிறார்கள். அங்கே பிரஜையா என்று கேட்பதில்லை. கூட்டம் தொடங்குமுன் பெயரையும், நிகழ்ச்சி நிரலில் எந்த விஷயத்தைப் பற்றிப் பேசப் போகிறார் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று நிமிஷம் தருவார்கள்.